ஒரு நிரையில் இரண்டு பேர்

எனக்குப் பதினாறு வயது ஆகிவிட்டது என்று பாடசாலை அதிபர் சொன்ன அன்றுதான், எனக்கு முன்னால் பிறந்தவளைப் பற்றி அறிந்தேன். அடையாள அட்டைக்கான படிவத்தை என் கையில் தந்து, வீட்டில் நிரப்பி வரச் சொன்னார். வகுப்பில் வேறு ஒருவருக்கும் அந்தப் படிவம் கிடைக்கவில்லை. என்னோடு ஒரே வாங்கில் இருந்தவளுக்கு அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

"நீ எந்த வகுப்பில நிண்டனி?" என்று கேட்டாள்.

நான் எந்த வகுப்பிலும் தங்கியதில்லை.

எங்கள் வீடு வவுணதீவுக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில் இருந்தது. நான் போனபோது அம்மா முற்றத்தில் நெல் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். படிவத்தை நீட்டி, என் பிறந்த திகதி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். பிறப்புச் சான்றிதழில் பிழை இருக்கிறது, பதிவாளர் மாற்றி எழுதிவிட்டார் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அம்மா கிளறுவதை நிறுத்தவில்லை.

"அது உன்ட திகதி இல்ல மகள். உன்ட அக்காட."

எனக்கு அக்கா இருந்ததாக அதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

"பேரும் அவடதான்" என்றார் அம்மா. பிறகு நெல்லின் மறுபக்கத்துக்குப் போய் அங்கே கிளறினார்.

மிச்சத்தை அன்று பின்னேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சண்டை வந்து ஊரோடு கிளம்பியபோது அக்காவுக்கு இரண்டு வயதும் சில மாதங்களும். நான் அம்மாவின் வயிற்றில் ஏழு மாதம். வெல்லாவெளிப் பக்கம் போய், காட்டோரம் ஒரு வயல்வாடியில், வயல் காவலுக்குப் போட்ட குடிசையில், தங்கினார்கள். அங்கே அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பாதை மூடியிருந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி தேடி நடந்தார். மத்தியானம் திரும்பி வந்தார். வரும்போதும் தோளில்தான் கொண்டு வந்தார். வாடிக்குப் பக்கத்து வட்டையின் ஓரத்தில் அவளைப் புதைத்தார்கள். வட்டை என்று நாங்கள் சொல்வது வயல்கள் சேர்ந்து கிடக்கும் பரப்பை.

இரண்டு மாதம் கழித்து நான் பிறந்தேன், அகதிகள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். அவள் இறந்ததையும் பதியவில்லை, நான் பிறந்ததையும் பதியவில்லை. பதிய யாரும் இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தபோது வீட்டின் சுவர்கள் மட்டும் நின்றன. அம்மா இடுப்பில் செருகிக் கொண்டுதிரிந்த ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சில கடதாசிகள் மிஞ்சியிருந்தன. அதில் ஒன்று அக்காவின் பிறப்புச் சான்றிதழ்.

நான் பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் சான்றிதழ் கேட்டார்கள். எனக்குப் புதிதாக ஒன்று எடுப்பதென்றால் சோதனைச் சாவடிகள் தாண்டி, சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். "கடதாசி ஒண்டு கிடக்குத்தானே" என்று அப்பா சொன்னாராம். அவ்வளவுதான் நடந்தது. சண்டையில் பிந்திச் சேர்ந்த பிள்ளைகள் அந்த வருடம் நிறையப் பேர் என்பதால், ஏழு வயது எழுதப்பட்ட ஒரு பிள்ளை முதலாம் வகுப்பில் இருந்தது யாருக்கும் கண்ணில் படவில்லை.

அதுவரை வீட்டில் என்னைச் "சின்னப்புள்ள" என்றே கூப்பிட்டார்கள். முதல் நாள் வரம்பில் நடந்து போகும்போது அம்மா அந்தப் பெயரைச் சொல்லித் தந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆசிரியை வரவு இடாப்பை வைத்து அதைக் கூப்பிட்டபோது நான் எழும்பவில்லை. வேறு யாராவது எழும்புவார்கள் என்று பின் வாங்குகளைத் திரும்பிப் பார்த்தேன்.

இப்போது நான் மட்டக்களப்பு நகரில் ஒரு பயிற்சி நிலையத்தில் தரவுத்தளப் பாடம் நடத்துகிறேன். ஆரம்பநிலைப் பாடம்தான். உயர்தரம் முடித்த பிள்ளைகளும், வேலையில் இருந்துகொண்டே படிக்க வருகிறவர்களும் கலந்த வகுப்பு. மாடியில் எங்கள் அறை. வாவிப் பக்கத்து யன்னலைத் திறந்தால் காற்றில் கடதாசிகள் பறக்கும் என்று அதை மூடியே வைத்திருப்போம்.

முதல் வகுப்பில் ஒரு வாசிகசாலையை உதாரணமாகச் சொல்வேன். அங்கே அங்கத்தவர்களுக்கு ஒரு கொப்பி, புத்தகம் இரவல் கொடுத்ததற்கு ஒரு கொப்பி, திருப்பித் தராதவர்களுக்கு நினைவூட்ட இன்னொரு கொப்பி. மூன்றிலும் ஒரே ஆளின் முகவரி எழுதப்படுகிறது. அவர் வீடு மாறினால் ஒரு கொப்பியில் திருத்துவார்கள், மற்ற இரண்டிலும் பழைய வீட்டிலேயே அவர் இருப்பார். எது உண்மை என்று அந்தக் கொப்பிகளைப் பார்த்துச் சொல்ல முடியாது. தரவுத்தளத்தில் ஒரு விபரத்தை ஓரிடத்தில்தான் வைப்போம். தேவைப்படுகிறவர்கள் எல்லாரும் அந்த ஓரிடத்தைப் பார்ப்பார்கள். அதைக் காவல் காத்து, கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்து, பிழையாக எழுதவருகிறவரைத் தடுக்கிற மென்பொருள்தான் தரவுத்தள முகாமைத்துவ முறைமை. இதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். சொல்லும்போது மனம் வேறெங்கும் போகாது.

இரண்டாம் வகுப்புத்தான் எனக்குச் சிரமம். அன்று அட்டவணை வரைவேன். குறுக்கே போவது நிரை, ஒரு நிரை ஓர் ஆள். கீழே இறங்குவது நிரல், ஒரு நிரல் ஒரு வகை விபரம். பெயர், ஊர், பிறந்த திகதி. ஒரே பெயரில் பலர் இருப்பதால் பெயரை நம்பி ஆளைப் பிரிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு நிரைக்கும் மற்றெந்த நிரைக்கும் இல்லாத ஓர் இலக்கம் வேண்டும். அதுதான் முதன்மைச் சாவி. அது வெறுமையாக இருக்கக்கூடாது, இன்னொருவருக்கு வரக்கூடாது.

சென்ற வருடம் இதைச் சொல்லி முடித்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கை உயர்த்தினார். ஏறாவூரைச் சேர்ந்தவர், நாற்பதை நெருங்கும் வயது. இருபது வருடம் வளைகுடா நாட்டில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பி, ஏதாவது அலுவலகத்தில் வேலை தேடலாம் என்று படிக்க வந்திருந்தார்.

"மிஸ், ஒரு நம்பருக்குள்ள ரெண்டு பேர் இருந்தா என்ன செய்யும்?"

"அது நடக்காது" என்றேன். "அதே நம்பரோட ரெண்டாவது நிரை போடப்போனா சிஸ்டம் எடுக்காது."

"ரெண்டாவது நிரை இல்ல மிஸ். ஒரே நிரைக்குள்ள ரெண்டு பேர்."

பின்னால் சிலர் சிரித்தார்கள். நான் வெண்பலகைப் பக்கம் திரும்பி, எழுதியிருந்த ஒன்றை அழித்துவிட்டு அதையே மறுபடி எழுதினேன். பதில் எனக்குத் தெரியும். இலக்கம் இரண்டு தரம் வராமல் முறைமை பார்த்துக்கொள்ளும். அந்த இலக்கத்துக்குப் பின்னால் நிற்பது யார் என்று அதற்குத் தெரியாது. உள்ளே எழுதினவர் சொன்னதை அது நம்பும். அதை நான் வகுப்பில் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று தேநீருக்கு விட்டேன்.

இடைவேளையில் அவர் என் மேசைக்கு வந்தார்.

"கோவமா மிஸ்?"

"இல்ல. ஏன் அப்பிடிக் கேட்டீங்க?"

அவர் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பதினேழு வயதில் அவரை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த வயதில் போகமுடியாது என்பதால், அனுப்பியவர் கடதாசிகளில் இருபத்து மூன்று என்று ஆக்கிக் கொடுத்திருக்கிறார்.

"அங்க மெடம் என்ட பாஸ்போட்டப் பாத்துட்டு, இவ்வளவு வயசாகியும் கலியாணம் முடிக்கலியா எண்டு கேப்பா. நான் என்னத்தச் சொல்ற. அந்தப் பாஸ்போட்டுல இருந்தவக்கு நான் பயம் மிஸ். அவ என்ன விட மூத்தவ. நான் பிழை செஞ்சா அவ கோவிக்கிறாப் போல இருக்கும்."

"இப்ப?"

"வந்தாப் பொறகு உம்மா என்ட சரியான வயசுக்கு எல்லாத்தையும் எடுத்துத் தந்தா. ஆனா பாஸ்போட்டுல இருந்தவவ நான் கூட்டிட்டு வரல்ல. அந்தக் குசினிக்குள்ள இப்பயும் நிக்கிறா எண்டு நினைச்சிக்குவன்."

அவருக்கு நான் என் கதையைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். என்னை அப்படிப் புரிந்துகொள்ளக்கூடிய வேறு ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. ஆனால் அப்போது மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் உள்ளே வரத் தொடங்கினார்கள்.

எனக்கும் அக்காவிடம் பயம் இருந்தது. சிறுவயதில் அல்ல, அம்மா சொன்ன பிறகுதான். என் பெயரில் எது கிடைத்தாலும் அது அவளுக்குக் கிடைத்தது போல இருக்கும். பட்டம் வாங்க மேடைக்கு ஏறியபோது அவள் பெயரைத்தான் வாசித்தார்கள். கலியாணப் பதிவில் அவள் பெயரில் ஒப்பமிட்டேன். அவளுடைய பிறந்த நாளில் நிலையத்தில் கேக் வாங்கி வைத்து எனக்கு ஊட்டுவார்கள். எல்லாரும் பாட, நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். வைத்தியர்கள் வயது கேட்டால் இரண்டு வருடம் கூட்டிச் சொல்வேன். அந்த முதல் இரண்டு வருடங்கள் பொய்யில்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. அவற்றை ஒருத்தி உண்மையாகவே வாழ்ந்திருக்கிறாள். நடக்கப் பழகியிருக்கிறாள், கதைக்கத் தொடங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகுள்ள வருடங்களை அதே கோட்டில் நான் எழுதிக்கொண்டு போகிறேன்.

அந்தப் பெண் கேள்வி கேட்ட அதே மாதத்தில்தான் கிராம சேவகர் அம்மாவின் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயது தாண்டிய, நிதானமான மனிதர். குடும்ப விபரங்களை எல்லாம் கணினிக்கு ஏற்றுகிறார்களாம். கையில் ஒரு டெப், தொடுதிரைக் கணினி. அப்பா காலமாகிவிட்டதால் அம்மாவைக் குடும்பத் தலைவியாகப் போட்டார். அது சனிக்கிழமை. நானும் மகனும் அம்மாவைப் பார்க்க வந்திருந்தோம். கேள்விகளுக்கு அம்மா ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்.

"உயிரோட பிறந்த பிள்ளைகள் எத்தின அம்மா?"

"ரெண்டு."

"இப்ப உயிரோட இருக்கிறது?"

"ரெண்டு."

அவர் டெப்பிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த வரையில் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.

"மற்றவ எங்க அம்மா?"

அம்மா என் பக்கம் கையைக் காட்டினார். "ரெண்டும் இவதான்."

கிராம சேவகர் சிரித்தார். வயதான மனுசிக்கு எண்ணிக்கை தடுமாறுகிறது என்று நினைத்திருப்பார். அவர் இரண்டு இடத்திலும் ஒன்று என்று தட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் ஒன்று, உயிரோடு ஒன்று, இறந்தது பூச்சியம். அவர் போன பிறகு அம்மா கேட்டார்.

"என்ன போட்டவர்?"

சொன்னேன்.

அம்மா அன்று பகல் சாப்பிடவில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது. பின்னேரம் என் மகன் போய் மடியில் இருந்தபோதும் அவன் தலையைத் தடவவில்லை. "நான் ரெண்டு பெத்தன்" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா என்று தெரியவில்லை.

மறுகிழமை நான் விடுமுறை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனேன். பதிவுப் பகுதியில் என் வயதுள்ள முஸ்லிம் பெண் அலுவலர் ஒருவர் இருந்தார். என்னைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, கதவைச் சாத்திவிட்டு வந்து, முழுவதையும் கேட்டார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"நீங்க முதல் ஆள் இல்ல மிஸ். உங்களப் போல வேற ஆக்களும் வந்திருக்காங்க."

"என்ன செய்யலாம்?"

"அக்காட மரணத்தப் பதியலாம். ஆனா அந்தப் பேரும் திகதியும் உள்ள ஆள் நீங்க. பதிஞ்சா நீங்க மௌத்தான ஆள். இல்லாட்டி உங்கட பிறப்பப் புதுசாப் பதியலாம். அப்ப நீங்க வேற ஆள். உங்கட படிப்பு, வேல, கலியாணம் ஒண்டும் அந்த ஆளுக்குச் சொந்தமில்ல. ஒவ்வொண்டா வழக்குப் போட்டு மாத்தணும்." கொஞ்சம் நிறுத்தி, "உங்கட மகன்ட சான்றிதழில தாய் ஆரு?" என்று கேட்டார்.

நான் வகுப்பில் அந்நியச் சாவி என்று ஒன்றைப் படிப்பிக்கிறேன். ஓர் அட்டவணையில் உள்ள இலக்கத்தை இன்னோர் அட்டவணை சுட்டி நிற்கும். வாசிகசாலையில் இரவல் கொடுத்த புத்தகத்துக்கு எதிரே அங்கத்தவர் இலக்கம் நிற்பதைப் போல. அப்படிச் சுட்டிக்கொண்டிருக்கும்வரை அந்த அங்கத்தவரை அழிக்க முறைமை விடாது. அழித்தே ஆகவேண்டுமென்றால் அவரைச் சுட்டுகிற எல்லாமும் சேர்ந்து அழியும். பிள்ளைகளுக்குப் புரிய இரண்டு அட்டவணைகளுக்கு நடுவில் அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். அந்தக் கதிரையில் இருந்தபோது அம்புக்குறிகள் எனக்கு எண்ண முடியாமல் தெரிந்தன. என் மகன் அவளைச் சுட்டிக்கொண்டு நின்றான். அப்பாவின் மரணத்தை அறிவித்தவர் என்ற இடத்தில் அவள் நின்றாள். சான்றிதழ் பெற்று வெளியேறிய என் மாணவர்களின் பட்டியல்களுக்குக் கீழே அவள் ஒப்பமிட்டிருந்தாள். இரண்டு வயதில் இறந்த பிள்ளை இத்தனை பேரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"அதத் தொடவேணாம்" என்றேன்.

"நானும் அதத்தான் சொல்லுவன்" என்றார் அவர். பிறகு, "ஆனா உங்கட அம்மாட எண்ணிக்கைய மாத்தலாம். அது பிறப்பு இறப்புப் பதிவு இல்ல, குடும்ப விபரம். ஆக்கள்ட பேர் அதில வராது. அவ வந்து வாயால சொன்னாப் போதும்" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் நல்ல சேலை உடுத்து வாசலில் நின்றார்.

செயலகத்தில் அந்த அலுவலர் டெப்பைத் திறந்து, அதே கேள்விகளை மெதுவாகக் கேட்டார். பிறந்த பிள்ளைகள் இரண்டு என்று அம்மா உடனே சொன்னார். அடுத்தது உயிரோடு இருக்கிறவர்கள் எத்தனை என்ற கேள்வி. வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, அது நின்று, மறுபடி ஸ்டார்ட் பண்ணினார்கள்.

"பேர் கேக்குமா?" என்றார் அம்மா.

"இல்ல அம்மா. எண்ணிக்கை மட்டும்தான்."

"அப்ப உயிரோட ஒண்டு." மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு, "செத்தது ஒண்டு" என்றார்.

அதுவரை நான் அந்தச் சொல்லை அம்மா வாயிலிருந்து கேட்டதில்லை. என்னிடம் சொன்னபோதும் "போயிட்டா" என்றுதான் சொல்லியிருந்தார். அலுவலர் இரண்டு இடத்திலும் தட்டிவிட்டுத் திரையை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினார். அம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது, இலக்கம் தெரியும். இறந்தது என்பதற்கு நேரே நின்ற ஒன்றை விரலை வைத்துத் தொட்டார். திரை தொடுகையில் வேறு பக்கத்துக்குப் போய்விட்டது. அலுவலர் பொறுமையாக மறுபடி அதைக் கொண்டுவந்து காட்டினார்.

வெளியே வந்து முச்சக்கர வண்டியில் ஏறியதும், வீட்டுக்குப் போகவேண்டாம், வெல்லாவெளிப் பக்கம் விடச் சொல்லு என்றார் அம்மா. அது தூரம். சாரதி என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். போகும் வழியில் அம்மா என்றும் சொல்லாத சிலவற்றைச் சொன்னார். அக்கா தண்ணீரைத் "தண்ணா" என்பாளாம். வயிற்றில் காதை வைத்து, உள்ளே இருந்த என்னோடு கதைப்பாளாம். "என்ன கதச்சா?" என்று கேட்டேன். "எனக்கு விளங்கல்ல. உனக்குத்தான் தெரியும்" என்றார்.

காடு இருந்த இடம் இப்போது வெட்டி வயலாகியிருந்தது. வாடி இல்லை. அம்மா வரம்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். ஓரிடத்தில் நின்று இதுதான் என்றார். பிறகு இல்லை, வாய்க்கால் இந்தப் பக்கம்தான் ஓடினது என்று இன்னோரிடத்தைக் காட்டினார். பிறகு மூன்றாவதாக ஒரு மூலையை. எல்லா இடத்திலும் ஒரே பச்சையாக வெள்ளாமை நின்றது. பயிர் ஒரு முழ உயரம் வந்திருந்தது.

பக்கத்துத் துண்டில் மருந்து அடித்துக்கொண்டிருந்த மனிதர் எங்களைக் கண்டு, முதுகிலிருந்த மருந்துத் தாங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். நாங்கள் நின்றதும் அவருடைய வயல்தான்.

"ஆரத் தேடுறீங்க அம்மா?"

"மகளப் பாக்க வந்த நாங்க" என்றார் அம்மா.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் அப்படி வருகிறவர்களை அவர் முன்பும் கண்டிருக்க வேண்டும்.

"எந்த இடம் எண்டு காட்டுங்க. அடுத்த போகத்துக்கு அந்த மூலைய உழாம விடுறன்."

அம்மா தான் காட்டிய மூன்று இடங்களையும் ஒருமுறை பார்த்தார்.

"வேணாம் மனே. வெள்ளாம நிக்கட்டும்."

அவர் தன் தாங்கியிடம் திரும்பிப் போனார். ஆனால் அதைத் தூக்கவில்லை. அம்மா வரம்பை விட்டு இறங்கும்வரை அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.